ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்

ஏணி வீசிய முதல் சர்வதேச ஓவரில் ஆறு பந்துகள்தான் இருந்தன. இரண்டாவது போட்டியில் ஒரே ஓவரை முடிக்க அவனுக்கு ஒன்பது பந்துகள் தேவைப்பட்டன. இரண்டு போட்டிகளுக்கும் நடுவே பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பது நாளில் என்ன மாறியது என்று யாருக்கும் விளங்கவில்லை. விளங்குவதற்கு ஒரு வருடம் ஆயிற்று.

வட்டார அணிக்கு நாற்பத்தொரு வருடம் ஸ்கோர் எழுதியவன் நான். ஏணியைப் பதினாறு வயதிலிருந்து தெரியும் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். உயரம் நூற்றுத் தொண்ணூற்று மூன்று சென்டிமீட்டர். பட்டப்பெயருக்கு வேறு காரணம் தேட வேண்டாம். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. அவனைவிட ஏழு வயது மூத்த அண்ணன் தகரப் பட்டறையில் தகடு வெட்டுகிறவன். அந்த அண்ணனும் வேகப்பந்து வீசியவன்தான். இருபத்திரண்டு வயதில் பட்டறையில் முழுநேரம் நிற்க வேண்டி வந்தபோது ஆட்டத்தை விட்டுவிட்டு, தன் ஷூவைத் தம்பிக்குக் கொடுத்தான். ஒரு சைஸ் பெரியது. நுனியில் பஞ்சை அடைத்துக்கொண்டு தம்பி போட்டுக்கொண்டான்.

ஷூவோடு ஓர் எண்ணும் கைமாறியது: அறுபத்தெட்டு. வேகப்பந்து வீச்சாளன் எங்கிருந்து ஓடத் தொடங்குகிறான் என்பது ஒவ்வொரு முறையும் ஒரே இடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பந்தை விடும்போது முன்கால் கோட்டைத் தாண்டிவிடும், அது நோபால்; அந்தப் பந்து செல்லாது, மறுபடி வீச வேண்டும். அண்ணன் கோட்டிலிருந்து பின்னோக்கி, ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் நுனியோடு ஒட்டி வைத்து, அறுபத்தெட்டு வரை எண்ணிக் குறி போடுவான். தம்பியும் அப்படியே செய்தான். வட்டார அணிக்கு அவன் ஆடிய இருபத்தாறு போட்டிகளில் மொத்தம் ஏழு நோபால். நல்ல கணக்கு.

முதல் சர்வதேசப் போட்டியில் அந்தப் பழைய ஷூவோடுதான் இறங்கினான். பத்தொன்பது ஓவர், ஐம்பத்தெட்டு ஓட்டம், நான்கு விக்கெட். நோபால் இல்லை. மறுநாளே ஷூ கம்பெனிக்காரர்கள் வந்து அவன் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப்போனார்கள். ஒரு வாரத்தில் அச்சாக அவன் காலுக்கென்றே தைத்த ஷூ வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பஞ்சு இல்லாமல் ஷூ போட்டான்.

புது ஷூவோடு பயிற்சிக்கு வந்த அன்று அவன் குனிந்து அடி வைத்து எண்ணுவதைத் துணைப் பயிற்சியாளர் பார்த்தார்.

"என்னப்பா, நொண்டி ஆட்டமா ஆடுறே? கடைசியா ஒரு தடவை நடந்து காட்டு. டேப் வச்சு எழுதிக்கிறேன். இனிமே குழப்பமே வேண்டாம்."

அறுபத்தெட்டு அடி வைத்தான். டேப் இருபது மீட்டர் எண்பத்தொரு சென்டிமீட்டர் காட்டியது. அவர் அதைப் புத்தகத்தில் எழுதினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவரே டேப்பைப் பிடித்துக் குறி போட்டார். வலைப் பயிற்சியில் யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை.

இரண்டாவது போட்டியில் முதல் ஓவரின் மூன்றாவது பந்து நோபால். எதிரணித் தலைவர் பதினான்கில் இருந்தபோது ஸ்லிப்பில் பிடி கொடுத்தார். ஏணி கையை விரித்துக்கொண்டு பாதி மைதானம் ஓடிவிட்டான். திரும்பிப் பார்த்தால் நடுவர் கையை நீட்டியபடி நிற்கிறார். அந்தத் தலைவர் நூற்று அறுபத்து மூன்று எடுத்தார்.

"ஏணி, கோட்டுக்குப் பின்னாலயும் பூமி இருக்குப்பா," என்றார் நம் அணித் தலைவர், பந்தைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே.

"கோடு முன்ன மாதிரி இல்லண்ணே. கிட்ட வந்து நிக்குது."

"கோடு வராது. நீதான் வருவே. பெரிய மேட்ச் நடுக்கம். தண்ணி குடி."

ஒன்பது பந்து ஓவர் அன்று மாலை. எல்லைக் கயிற்றருகே அவன் வந்து நின்றபோது கூட்டத்தில் ஒருவர், "தம்பி, கோட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சிட்டு வா!" என்று கத்த, அந்தப் பகுதியே சிரித்தது. மொத்தம் பதினொரு நோபால். பத்திரிகைகள் பத்து என்று எழுதின, பதினொன்று. அணி தோற்றது.

குறி ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் முன்னால் வந்துவிட்டது அன்று யாருக்கும் தெரியாது; அப்படி ஓடி வருகிறவனுக்கு இரண்டே வழி. கோட்டைத் தாண்ட வேண்டும், அல்லது கடைசி நேரத்தில் உடம்பை நெருக்கிக்கொள்ள வேண்டும். துணைப் பயிற்சியாளர் இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தார். "கடைசி ரெண்டு ஸ்டெப்பைச் சுருக்கு. இடுப்பை முன்னாடியே திருப்பு." ஆறு வாரம், தினம் அறுபது பந்து. நோபால் குறைந்தது. முதுகின் அடிப்பகுதியில் வலி தொடங்கியது. வலியைச் சொன்னால் இடம் போய்விடும் என்று பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு பயிற்சிப் போட்டியில் பந்தை விட்ட கையோடு மண்டியிட்டு விழுந்தான்.

"எத்தனை நாளா வலி?" என்று டாக்டர் கேட்டார்.

"நேத்துல இருந்து சார்."

"பொய் சொல்றதா இருந்தா எலும்புகிட்டயும் சொல்லி வச்சிட்டு வரணும். இந்த விரிசலுக்கு ரெண்டு வாரம் வயசு."

வீட்டில் இரண்டே அறை. சமமான பலகையில் படுக்க வேண்டும் என்றார்கள். அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு பிளைவுட் பலகை கொண்டுவந்தான். அது அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வந்தது. "இவ்வளவு நீளத்துக்குப் பெத்துட்டு, படுக்க வைக்க இடமில்லாம தாண்டித் தாண்டிப் போறேன்," என்று அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ரேடியோவில் போட்டி வர்ணனை தொடங்கினால் எழுந்துபோய் நிறுத்திவிடுவாள். அவன் இடத்தில் வேறொருவன் வீசிக்கொண்டிருந்தான்.

நான்காவது மாதம் எழுந்து நடந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்திருந்த பார்சல் அலுவலக வேலைக்குத் திரும்பி, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து பார்சல்களுக்கு முத்திரை குத்தினான். பத்தாவது மாதம் மெதுவாக ஓடலாம் என்றார்கள். அதற்கடுத்த மாதம் ஒரு ஞாயிறு காலை அண்ணனும் தம்பியும் கிளப் மைதானத்துக்குப் போனார்கள். அங்கே டேப் பிடிக்க ஆள் இல்லை. ஏணி பழையபடி அடி வைத்து எண்ணிக் குறி போட்டான். அண்ணன் நடுவர் இடத்தில் நின்றான். தம்பி திருப்பிக் கொடுத்திருந்த பழைய ஷூ அண்ணன் காலில் இருந்தது.

ஆறு பந்தில் நான்கு கோட்டைத் தாண்டின.

"குறி தப்புடா," என்றான் அண்ணன்.

"அறுபத்தெட்டு. எண்ணித்தான் போட்டேன்."

"இரு, நான் எண்ணுறேன்."

அண்ணன் கோட்டிலிருந்து அடி வைத்துப் போனான். அறுபத்தெட்டு என்று சொல்லி நின்ற இடம் தம்பியின் குறிக்கு அரை மீட்டர் பின்னால் இருந்தது.

"நீ ரெண்டு அதிகமா எண்ணிட்டே அண்ணே."

"தகடு வெட்டுறவன்டா நான். எண்ணத் தெரியலைன்னா இந்நேரம் கையில எட்டு விரல்தான் இருக்கும்."

"சரி, மறுபடி நான் போறேன். சத்தமா எண்ணுறேன், கேளு."

தம்பி மறுபடி எண்ணினான். மறுபடி அதே பழைய குறியில் வந்து நின்றான். இருவரும் இரண்டு இடத்தில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அண்ணன் கீழே பார்த்தான்.

"காலைக் காட்டு."

பட்டறை டேப் எப்போதும் அவன் இடுப்பில் இருக்கும். தம்பியின் ஷூ முப்பது சென்டிமீட்டர் ஆறு மில்லிமீட்டர். தன்னுடையது முப்பத்தொரு சென்டிமீட்டர் நான்கு மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டரை அறுபத்தெட்டால் மண்ணில் விரலால் பெருக்கினான். ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர், நான்கு மில்லிமீட்டர்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என் கால் கணக்கை உனக்குக் கொடுத்துட்டேன்டா. உன் காலுக்குன்னு ஒண்ணு எடுக்கச் சொல்லணும்னு தோணவே இல்ல."

"அந்தக் கணக்குலதானே அண்ணே நாலு விக்கெட் எடுத்தேன்."

"முதுகும் அதுலதானே போச்சு."

தம்பி குறியை அண்ணன் நின்ற இடத்துக்கு மாற்றினான். புதிய இடத்திலிருந்து ஆறு பந்து வீசினான். ஆறும் கோட்டுக்குப் பின்னால். எவ்வளவு லேசாக விழுந்தது கால் என்று பின்பு என்னிடம் சொன்னபோது அவன் குரலில் மகிழ்ச்சி இல்லை.

அன்று மாலை துணைப் பயிற்சியாளருக்கு ஃபோன் செய்தான். எட்டு மில்லிமீட்டர் கணக்கைச் சொன்னான். அவர், "நான் டேப் வச்சு அளந்தேனேப்பா," என்றார்.

"சரியாத்தான் சார் அளந்தீங்க."

அந்த மனிதரைக் குறை சொல்லி நான் எழுதப்போவதில்லை. மறுநாளே தேர்வுக் குழுவுக்குத் தன் கைப்பட எழுதினார்: நோபாலுக்கும் காயத்துக்கும் காரணம் பையன் அல்ல, புத்தகத்தில் நான் எழுதிய எண். அந்தக் கடிதத்தால்தான் நான்கு மாதம் கழித்து ஏணிக்குத் தேர்வுப் போட்டியில் இடம் கிடைத்தது. அதில் நன்றாக வீசினால் அடுத்த வெளிநாட்டுப் பயணத்துக்குப் போகலாம். இல்லாவிட்டால் அந்த இடத்துக்குக் காத்திருந்தவர்கள் மூன்று பேர். மூவரும் அவனைவிட இளையவர்கள்.

அந்தப் போட்டிக்கு ஸ்கோர் எழுதியது நான். முதல் இன்னிங்ஸில் பதினான்கு ஓவர், முப்பத்தொரு ஓட்டம், மூன்று விக்கெட். நோபால் இல்லை. வேகம் முன்பு மணிக்கு நூற்று நாற்பத்து மூன்று கிலோமீட்டரைத் தொட்டது; இப்போது நூற்று முப்பத்தேழு. தேர்வாளர் ஒருவர் என் மேசைக்கு வந்து நோபால் கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் மதியம், இரண்டாவது இன்னிங்ஸில் அவனுடைய மூன்றாவது ஓவரில் நான்காவது பந்து வீசியதும் முதுகில் அதே இடத்தில் சுருக்கென்றது. குறிக்குத் திரும்பி நடந்தான். அங்கே பந்தை வைத்துக்கொண்டு நின்றான். இரண்டே பந்து பாக்கி. விக்கெட் கீப்பர்தான் அன்றைய தலைவன், ஓடிவந்தான்.

"என்னடா?"

"வலிக்குது. நான் போறேன்."

"லூசா நீ? ரெண்டு பந்து சும்மா தூக்கிப் போட்டுட்டுப் போ. தேர்வாளர் பாத்துட்டிருக்கார்."

"தெரியும்," என்று பந்தை அவன் கையில் வைத்துவிட்டு ஏணி நடந்தான். எல்லைக் கோடு வரை அவன் தலை நிமிரவில்லை. மீதி இரண்டு பந்தை ஒரு சுழற்பந்து வீச்சாளன் வீசினான்.

ஸ்கேனில் எலும்பு சுத்தமாக இருந்தது. தசைப் பிடிப்புதான். அந்த இரண்டு பந்தையும் வீசியிருக்கலாம்; இன்னும் பத்து ஓவர்கூட வீசியிருக்கலாம் என்றார் அதே டாக்டர். வியாழக்கிழமை பயணத்துக்கான பதினைந்து பெயர் வாசித்தார்கள். அவன் பெயர் இல்லை.

அண்ணன் பட்டறையிலிருந்து வந்து கை கழுவாமலே கேட்டான்: "சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"போன தடவை சொல்லாமத்தானே இருந்தேன்."

"அப்போ விரிசல். இப்போ ஒண்ணுமில்லையே."

"அது வீசி முடிச்சாதானே தெரியும்?"

அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவன் இடத்தில் போனவன் அந்தப் பயணத்தில் பன்னிரண்டு விக்கெட் எடுத்தான்.

அதன்பின் எட்டு மாதம் ஏணி வட்டார அணிக்கு ஆடினான். வேகம் திரும்பவில்லை, நூற்று நாற்பதை அவன் இதுவரை தொடவில்லை. பந்தை இருபக்கமும் நகர்த்தக் கற்றுக்கொண்டான். முப்பத்தெட்டு விக்கெட். மூன்று முறை ஓவர் நடுவே வலிக்கிறது என்று சொல்லி வெளியே போனான். 'கண்ணாடி ஏணி' என்று எதிரணிக்காரர்கள் கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். போட்டுக்கொண்டான். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்ததாக அண்ணன் சொன்னான். ஆனாலும் நான்காவது முறை வலித்தபோதும் சொன்னான்.

தேசிய அணியிலிருந்து அழைப்பு வந்தபோது பார்சல் அலுவலகத்தில் முத்திரையும் கையுமாக இருந்தான். இரண்டு வீச்சாளர்களுக்குக் காயம். நாளை மறுநாள் போட்டி. மேலாளரின் மேசை முன் போய் நின்றான்.

"எத்தனை நாள் லீவு?" என்றார் அவர்.

"அஞ்சு நாள் மேட்ச் சார்."

"மூணு நாள்ல முடிச்சிட்டா மீதி ரெண்டு நாள் வேலைக்கு வந்துடணும். ஆள் பத்தலை." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "முதுகு தாங்குமாப்பா?"

"தெரியாது சார். தாங்கலைன்னா சொல்லிட்டு வந்துடுவேன்."

"வந்தா இந்த ஸ்டூல்தான்."

"இருக்கட்டும் சார்," என்று விண்ணப்பத்தை நீட்டினான். அவர் கையெழுத்துப் போட்டார்.