பள்ளம் காட்டும் கை

மரிகினா நகரில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்துக்கு முன்னால் போகிறவர் டென்சியோ. வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் குயா, அண்ணன். முன்னால் போகிறவருக்கு ஒரு வேலை உண்டு. பள்ளம் வந்தால் கையைக் கீழே இறக்கி எந்தப் பக்கம் என்று காட்டவேண்டும். சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிப் பின்னால் வருகிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதில்லை, அந்தக் கையைத்தான் பார்க்கிறார்கள். அவர் கையை நம்பி வந்த ஒருவரும் இதுவரை விழுந்ததில்லை. ஏசி பழுது பார்க்கிற அந்த மனிதருக்கு வாழ்க்கையில் வேறெங்கும் முன்னால் நிற்க வாய்த்ததில்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னபோது மனைவி ப்யூரிட்டா மட்டும் கூட இருந்தாள். போனது போனதுதான். சொட்டு மருந்து மிச்சத்தைக் கொஞ்ச காலம் பிடித்துவைக்கும்.

"அப்ப சைக்கிளு?" என்றாள், வெளியே வந்ததும்.

"நேரா பாத்தா தெரியுது."

"எல்லாம் நேராத்தான் வருதா?"

"கூட்டத்துல யாருக்காவது தெரிஞ்சுதுன்னா அன்னியோட விட்டுர்றேன்" என்றார்.

வண்டிகள் சத்தம் போட்டுக்கொண்டு வரும். பள்ளம் சத்தம் போடாது. அதற்காகத்தான் அவர் கடைக்குப் போனார். கைப்பிடியில் மாட்டுகிற ஜிபிஎஸ் கருவிகளைக் கடைக்காரர் வரிசையாக எடுத்து வைத்தார். வண்ணத் திரை, கண்ணாடி மாதிரி மெலிசு.

"தடவுனா போதும் குயா, ஊரே வந்து நிக்கும்."

வேர்த்த விரலால் தடவினார். ஒன்றும் வரவில்லை.

"பட்டன் வச்சது இருக்கா? எழுத்து பெருசா இருக்கணும். சத்தம் நல்லாக் கேக்கணும்."

கீழ்த்தட்டிலிருந்து தடியாக ஒரு கறுப்பு வெள்ளை வந்தது. "இது கிழவனுங்க வாங்கறது."

"அப்ப எனக்குத்தான். வழியில நானே குறி வைக்கலாமா? அந்த எடம் வர்றப்ப அது கூப்பிடணும்."

"வைக்கலாமே. எதுக்கு, கஞ்சிக்கடைக்கா?"

"ஆமா" என்றார். அதுதான் முதல் பொய்.

ஞாயிறன்று அதைப் பார்த்ததும், கூட்டத்தில் வாயாடியான ஆர்வின், "குயா, இதுல கேபிள் கனெக்‌ஷனும் குடுத்தாங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். டென்சியோவும் சிரித்தார்.

வார நாட்களில், வேலைக்கு நடுவே, ஞாயிறுதோறும் கூட்டம் போகிற ஆன்டிபோலோ மலைப்பாதையில் தனியாக மெதுவாக ஏறுவார். பள்ளத்தை முன்சக்கரம்தான் கண்டுபிடிக்கும். சில சமயம் முழங்கால். இறங்கி நின்று பட்டனை அழுத்துவார். அந்த இடம் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் மூக்கு உரச உட்கார்ந்து, ஒவ்வொரு புள்ளிக்கும் இடது, வலது என்று அடிப்பார். பிறகு ஞாயிறுகளில் பள்ளத்துக்குச் சற்று முன்னால் கருவி ஒரு பீப் அடிக்கும், பெரிய எழுத்தில் பக்கம் தெரியும், கை இறங்கும்.

"குயாவுக்குக் கழுகுக் கண்ணு" என்றாள் டெஸ். கூட்டத்தில் வருகிற நர்ஸ் அவள். இதை அவர் வீட்டில் சொன்னபோது ப்யூரிட்டா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஒரு வாரம் கண் அழுத்தம் ஏறி ஆஸ்பத்திரியிலேயே நாள் போயிற்று. மலைக்குப் போகவில்லை. தேர்தல் நெருங்கிவிட்டது. அந்த வாரத்தில்தான் மலைப்பாதைக்குத் தார் வந்தது.

ஞாயிறன்று வளைவைத் தாண்டியதும் சக்கரத்துக்கடியில் ரோடு திடீரென்று மௌனமானது. பீப். 'இடது'. கை இறங்கிவிட்டது. கொஞ்ச தூரத்துக்கு மட்டும் போட்டிருப்பார்களோ என்று நினைத்தார். அடுத்த பீப். காட்டாமல் விட்டு, அங்கே பள்ளம் இருந்துவிட்டால் பின்னால் வருகிறவர் பல் போகும். காட்டினார். பின்னால் ஆர்வின் சிரிப்பது கேட்டது.

"குயா, எந்தப் பள்ளம்? கனவுல வந்ததா?"

மறுபடி பீப். 'வலது'. மறுபடி கை. இப்போது சிரிப்பு இல்லை. சங்கிலிகள் ஓடுகிற சத்தம் மட்டும். பளபளவென்று புதுத் தார் மேல், இல்லாத பள்ளங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே அவர் மலை ஏறினார்.

கஞ்சிக்கடையில் டெஸ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தெரியுதா குயா?"

"எது?"

அவர் காதோரம் நீட்டியிருந்த விரலை அவள் மெதுவாக மடக்கினாள். எதிரே இருந்த ஆர்வின் அதைப் பார்த்தான். "எறக்கத்துல நான் முன்னாடி போறேன். நீங்க நடுவுல வாங்க" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. டென்சியோவுக்கு அதுதான் தாங்கவில்லை.

நடுவில் இறங்கி வந்தார். முன்னால் ஆர்வின் வாய்விட்டு, "நேரா குயா, நேராதான்" என்று சொல்லிக்கொண்டே போனான். கருவி தன் பள்ளங்களை மறக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டது. ஒருமுறை கை தானாகக் கீழே போய், பார்க்க ஆளில்லாமல் திரும்பி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது.

வீட்டில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்தார். கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ப்யூரிட்டா சொட்டு மருந்தோடு வந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

முகத்தை அண்ணாந்து காட்டினார்.

"ரோடு நல்லாப் போட்டுட்டாங்க" என்றார். "ஒரு பள்ளம் இல்ல."