நாக்குக்குக் கீழே ஒரு நூல்

கீழ்பென்னாத்தூர் பக்கம் எட்டு வருடமாகக் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்ப்பவள் நான். குழந்தை பால் குடிக்கவில்லை என்று வரும் பெண்களிடம், "நாக்கு ஒட்டியிருந்தா என்னா? நீ புள்ளைய ஒழுங்கா பிடிக்கல, அவ்ளோதான்" என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி அழுதுகொண்டே போனாள். அடுத்த தடுப்பூசிக்குப் பால் புட்டியோடு வந்தாள். அதற்கும் திட்டினேன்.

பிறகு எனக்கு மகள் பிறந்தாள். நாக்குக்கு அடியில் நூல் மாதிரி ஒரு சவ்வு. மார்பைக் கவ்வுவாள், நழுவுவாள், வீறிடுவாள். எனக்குக் காம்பு வெடித்து உயிர் போனது. இருபது நாளாகியும் பிறந்தபோது இருந்த எடைக்குக்கூட அவள் வரவில்லை. பயத்தில், வேங்கிக்கால் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம்.

குழந்தை மருத்துவர், "நிறைய பேருக்கு இருக்கறதுதாம்மா. வெட்டவே தேவையில்ல" என்றார். அறுவை மருத்துவர், "ரெண்டு நிமிஷ வேலை. இன்னுமா வெச்சிருக்கீங்க?" என்றார். தாய்ப்பால் ஆலோசனை சொல்லும் அக்கா, "மொதல்ல நீ பிடிக்கறத மாத்தணும்" என்றார். மூன்று பேரும் பார்த்தது ஒரே நாக்கு. ஒருவருக்கும் துளி சந்தேகமில்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. "நீயே நர்ஸு, உனக்குத் தெரியாதா?" என்று கேட்ட கணவர் மேல் எரிந்து விழுந்தேன். தெரியவில்லை என்பதுதான் என் கோபமே.

பௌர்ணமிக்கு முந்தின நாள் அறுவை மருத்துவரிடமே போய்ச் சவ்வை வெட்டிவிட்டோம். மறுநாள் என்றால் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகராது. அதே வாரம் அந்தத் தாய்ப்பால் ஆலோசனை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, நான் குழந்தையைப் பிடிக்கும் விதத்தையும் மாற்றினார். வலி குறைந்தது. எடை ஏறியது. வெட்டியதால்தான் என்றார் அறுவை மருத்துவர். பிடித்த விதம்தான் என்றார் அக்கா. சும்மா விட்டிருந்தாலும் சரியாகியிருக்கும் என்றார் குழந்தை மருத்துவர். பச்சைக் குழந்தையை வீணாக அழவைத்தேனோ என்ற குழப்பம் இன்னும் என்னை விடவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் தடுப்பூசி நாளில் ஒரு பெண் மகனின் வாயைத் திறந்து காட்டினாள். "நர்சம்மா, இத வெட்டணுங்களா?"

நாக்கு நுனிவரை வந்த பழைய பதிலை விழுங்கினேன்.

"தெரியலம்மா. இப்டி உக்காரு. இவன் குடிக்கறத மொதல்ல பாக்கறேன்."

எட்டு வருட வேலையில், ஒரு குழந்தை பால் குடிப்பதை நான் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான்.