சிகரெட்டை விடச் சொல்லி நான் அனுப்பிய செய்திகள்

சமாதான காலத்தின் கடைசிப் பகுதியில், வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. சிகரெட் பத்துகிறவர்களுக்குக் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பி அந்தப் பழக்கத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். நேர்முகத்தில் "புகைப்பீர்களா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றேன். வெளியே வந்ததும் எதிர்ச் சந்தியில் நின்று ஒன்றைப் பற்றவைத்தேன். அதன் பிறகு அங்கே வேலை செய்த காலம் முழுவதும், காலைச் செய்தியை அனுப்பிவிட்டு அலுவலகக் கிணற்றடிக்குப் போய்ப் பத்துவதுதான் என் வழக்கம். மற்றவர்களைப் பற்றிக் கேவலமாக எழுதப்போகிறேன் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இணைப்பாளர் கொழும்பில் இருந்தார். மாதம் ஒருமுறை குளிரூட்டிய வாகனத்தில் வந்து, புழுதி படாமல் இறங்கி, புழுதி படாமல் ஏறிப் போவார். தமிழர்தான். ஆனால் பாதி வசனங்களை ஆங்கிலத்தில்தான் முடிப்பார். தான் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை என்பதைச் சந்திக்கிற எல்லோரிடமும் சொல்வார். தொடாதவருக்கு அதை விடுவது எப்படி என்று தெரியவா போகிறது? எல்லாச் செய்திகளையும் அவர்தான் எழுதினார். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, பிறகு யாரையோ பிடித்துத் தமிழாக்குவிப்பார். "உங்களுடைய நுரையீரல்கள் உங்களுக்கு நன்றி சொல்லுகின்றன." "இன்று உங்களுடைய புதிய நாள்." அந்தக் காலத்துத் தொலைபேசிகளில் தமிழ் எழுத்து இல்லை. நான் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டி, ஒவ்வொரு தொலைபேசி இலக்கத்துக்கும் அனுப்புவேன். ஒரு முறை "சிகரெட் நினைவு வந்தால் நீர் அருந்தவும்" என்று வந்தது. ஆங்கில எழுத்தில் விளங்காது என்று "தண்ணி குடியுங்கோ" என்று மாற்றி அனுப்பினேன். மத்தியானம் ஒரு சலூன்காரர் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நீங்கள் சொன்னபடி குடிச்சிட்டன். இப்ப சிகரெட்டும் வேணும்போல கிடக்கு."

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. இணைப்பாளரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பங்குபற்றுனர் ஈடுபாடு நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டார்.

ஈடுபாடு எல்லாம் குடைக்குத்தான். பதிந்தவர்களுக்கு ஒரு குடை கொடுத்தோம். பீடி, சுருட்டு, சிகரெட் என்று எல்லாவற்றையும் இழுக்கிற ஆண்கள் வந்து, இலக்கத்தைச் சொல்லிவிட்டுக் குடையை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் லொறிச் சாரதி. முல்லைத்தீவில் இருந்து பல வருடங்களுக்கு முன் வெளியேற்றப்பட்டு வவுனியாவில் வந்து தங்கிவிட்ட முஸ்லிம் குடும்பம். சவர்க்காரம், பிஸ்கற், சீமெந்து என்று ஏற்றிக்கொண்டு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்து, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஒட்டுசுட்டான் வரை போய் வருவார். பேசத் தொடங்கினால் இருமல் வரும், இருமல் நின்றால் சிகரெட் வரும்.

"உண்மையாக விடப் போறீங்களோ?" என்று படிவத்தில் இருந்ததைக் கேட்டேன்.

"குடை நல்ல குடையோ?" என்று அவர் கேட்டார்.

இரண்டு மாதம் கழித்து, செய்திகள் பயன் தருகின்றனவா என்று கேட்டு எழுத வீடு வீடாகப் போனேன். பெரும்பாலானோர் செய்திகளைத் திறந்தே பார்க்கவில்லை. ஒருவர் என் முன்னாலேயே பத்திக்கொண்டு "குறைச்சிட்டன்" என்றார். நானும் "குறைத்துள்ளார்" என்று எழுதினேன். லொறிச் சாரதியின் வீட்டில் அவருடைய மனைவிதான் இருந்தா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தா.

"அவர் ஒட்டுசுட்டான் போயிட்டார் தம்பி. வெள்ளிக்கிழமைதான் வருவார்."

"போனை எடுத்துக்கொண்டுதானே போயிருப்பார்?"

"ஓமந்தைக்கு அங்கால சிக்னல் இல்லையே. ஏன் கொண்டு போறது? அது என்னட்டத்தான் எப்பவும்."

இரண்டு மாதமாகக் காலையும் பின்னேரமும் நான் அனுப்பியதெல்லாம், ஒரு நாளும் சிகரெட் பத்தாத இந்தப் பெண்ணுக்குத்தான் போயிருக்கிறது. அவருடைய நுரையீரல்கள் அவருக்குச் சொன்ன நன்றியெல்லாம் இவவுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

அவ உள்ளே போய் ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டு வந்து நீட்டினா. ஒவ்வொரு செய்தியையும் எழுத்துக்கூட்டி வாசித்து, தமிழில் எழுதி வைத்திருந்தா. சிலவற்றைப் பேனையால் வெட்டியிருந்தா.

"இதெல்லாம் ஏன் வெட்டினீங்கள் அக்கா?"

"புதிய நாளாம். கண்டறியாத புதிய நாள். இதைச் சொன்னா அந்த மனிசன் சிரிக்கும். நான் எனக்குத் தேவையானதை மட்டும் எடுத்து, மிச்சத்தை நானாச் சேர்க்கிறனான்."

பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"நீங்களும் பத்துறனீங்கள் என்ன?"

சட்டைப் பையில் இருந்த சிகரெட் பெட்டியைக் கையால் மறைத்தேன். அவ கொப்பியை மூடினா. தரக்குறைவான ஒரு சாமானைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவவின் முகம்.

அந்தக் கொப்பியை வைத்து அவ என்ன செய்கிறா என்பதை வெள்ளிக்கிழமை கண்ணால் கண்டேன். ஜும்மா தொழுகை முடிந்து, சாரதிகள் எல்லோரும் லொறிகள் நிற்கும் இடத்தில் கூடி நின்றார்கள். அவரும் நின்றார். விரலிடுக்கில் சிகரெட். நெருப்புக்குச்சியைத் தட்டும்போது, வெயிலுக்கு எங்கள் குடையைப் பிடித்தபடி அவ நேரே வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்று வாசிக்கத் தொடங்கினா.

"திங்கட்கிழமை. ஒவ்வொரு சிகரெட்டும் நெஞ்சில கரி பூசும். செவ்வாய்க்கிழமை. உங்கட இருமலை உங்கட குடும்பமும் கேட்குது. அது மெசேச். இனி நான் சொல்லுறன். ராவு முழுக்க அந்த இருமலைக் கேட்டு எனக்கு நித்திரையில்லை. புதன்கிழமை..."

சாரதிகள் முதலில் சிரித்தார்கள். புதன்கிழமைக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தங்கள் சிகரெட்டைக் காலுக்குக் கீழே போட்டார்கள். அவர் முகம் கறுத்துப்போய், "வீட்டை நட, வந்து கதைப்பம்" என்றார்.

"இன்னும் வியாழன் இருக்குது. கேட்டிட்டுப் போவம்" என்றா.

ஒவ்வொரு பயணமும் முடிந்து அவர் திரும்பி வரும்போதெல்லாம் இது நடந்தது. லொறி தரிப்பிடத்தில் அவர் பத்துவது நின்றது. பிறகு பாதையில் பத்துவதும் நின்றது. எப்படி நின்றது என்று கேட்டேன். "அங்கை நிண்டு பத்தினாலும் அவள்ர குரல் கேக்குது தம்பி" என்றார். வெட்கமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இதை முழுவதுமாக அறிக்கையில் எழுதினேன். இணைப்பாளர் அடுத்த முறை வந்தபோது அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார்.

"செய்தி போனது மனைவிக்கு. அவ புகைப்பவர் இல்லை. இது செல்லாது. பட்டியலில் இருந்து ஆளை வெட்டுங்கோ."

வெட்டினேன். ஆனால் திட்டம் முடியும்போது, பதிந்தவர்களில் உண்மையாகவே நிறுத்தியவர் அந்த லொறிச் சாரதி ஒருவர்தான் என்று தெரிந்தது. இணைப்பாளர் அதே நாளில் வாகனத்தை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்கு வந்தார். புகைப்படக்காரரும் கூட வந்தார். லொறிக்கு முன்னால் அவரை நிறுத்தி, கையில் தொலைபேசியைக் கொடுத்து, செய்தியை வாசிப்பதுபோலப் பார்க்கச் சொன்னார்கள். அந்த மனிதருக்குச் செய்தி திறக்கவே தெரியாது. தலைகீழாகப் பிடித்திருந்தார். புகைப்படக்காரர் அதை நேராகத் திருப்பிக் கொடுத்தார். மனைவி கொப்பியோடு பக்கத்தில் வந்து நின்றா.

"அம்மா, நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. படத்துக்குள்ள வாறீங்கள்" என்றார் இணைப்பாளர்.

அவ தள்ளி நின்றா. நான் அவவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். "சேர், இவ இல்லாமல் படம் எதற்கு?" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. எனக்கு அடுத்த திட்டத்திலும் வேலை வேண்டியிருந்தது.

கொழும்பில் ஒரு விடுதியில் நடந்த கூட்டத்தில் அந்தப் படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். தொழில்நுட்பம் ஒரு மனிதனின் வாழ்க்கையை மாற்றியது என்று இணைப்பாளர் பேசினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கொஞ்ச நாளில் அவர் வேறு ஒரு நிறுவனத்தில் இதைவிடப் பெரிய பதவிக்குப் போனார். எனக்கு அடுத்த வேலை கிடைக்கவில்லை. எனக்கு நடந்தது சரிதான்.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, ஓமந்தையில் பாதையைப் பூட்டினார்கள். ஒட்டுசுட்டானுக்கு லொறி ஒன்றும் போகவில்லை. ஒரு நாள் சந்தையில் அவவைக் கண்டேன். அவர் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்றா. நாள் முழுக்க வீட்டில் சும்மா இருக்கிற மனிதன் திரும்பப் பத்தத் தொடங்கியிருப்பார் என்று நான் நினைத்தேன்.

"இல்லை தம்பி, தொடவேயில்லை" என்றா. "உங்கட மெசேச் ஏன் நிண்டுபோச்சு?"

"திட்டம் முடிஞ்சுது அக்கா."

"மனிசனுக்கு முடியேல்லையே" என்றா. "நான் இப்பவும் எழுதி வாசிக்கிறனான். ஒவ்வொரு நாளும்."

மரக்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு, சனத்துக்குள் நடந்து போனா. நான் அந்தச் சந்தையிலேயே நின்று ஒன்றைப் பற்றவைத்தேன். அதன் பிறகும் பல வருடங்கள் பத்தினேன்.