ஒரு வரி இடம்

கல்வித்துறைத் தலைமை அலுவலகத்தில் எந்த அமைச்சரும் எட்டிப் பார்க்காத அறை ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில். இருபத்தாறு வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் டைப்பிஸ்ட் அம்மா என்பார்கள். தட்டச்சு இயந்திரம் எப்போதோ போய்விட்டது, பெயர் போகவில்லை.

எந்தப் பாடத்துக்கு வாரம் எத்தனை வகுப்பு என்று ஆண்டுதோறும் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை போகும். வல்லுநர் குழு எட்டு மாதம் கூடிப் பேசி வரைவு கொடுக்கும். அம்மா அதை அடித்து இயக்குநரின் மேசையில் வைப்பார். இயக்குநருக்குக் கல்வியில் அசைக்க முடியாத கொள்கை ஒன்றுதான்: சுற்றறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. "ரெண்டாம் பக்கத்த எவன்மா படிக்கிறான்?" முதல் பக்கத்தை அவரே படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரே ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தது. ஓவியம் இரண்டு, இசை இரண்டு என்றிருந்ததில் இசையை அழித்து, ஓவியத்தைக் 'கலை' ஆக்கினார் அம்மா. இரண்டை நான்காக்க மறந்துபோனார். தாள் அடங்கியது, கையெழுத்து விழுந்தது. ஒரு பேராசிரியர் கருத்தரங்கில் இதைக் 'கலைகளைப் பிரித்துப் பார்க்காத தொலைநோக்கு' என்று நாற்பது நிமிடம் பாராட்டினார். மறு ஆண்டு குழுவே தன் வரைவில் 'கலை, 2' என்று எழுதிக்கொண்டது. யோசனை யாருடையதாக இருந்தால் என்ன, நல்ல யோசனை.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் கொழுந்தனார் வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வருடமாக ஓவிய ஆசிரியர். உபரி ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் ஏறிவிட்டது. கலைக்கு ஓர் ஆசிரியர் போதுமாம். பள்ளியில் பாட்டு டீச்சர் மூத்தவராம். இந்த வருடச் சுற்றறிக்கையும் அப்படியே வந்தால் வேலை போச்சு.

"எவன் அண்ணி இந்தப் பாலிசியப் போட்டது? யாரக் கேட்டாலும் மேலிடம், மேலிடம்கிறான்."

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை.

"இவகிட்டப் போய்க் கேக்குறியேடா," என்றார் அம்மாவின் கணவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "உங்க அண்ணி கொடுத்தத அடிக்கிறவ. பாலிசிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதானே," என்றார் அம்மா.

திங்கட்கிழமை புதிய வரைவு மேசைக்கு வந்தது. கலை, 2. அம்மா வெகுநேரம் அதைப் பார்த்தார். தெரியாமல் செய்தது கொள்கையாகிவிட்டது. தெரிந்து திருத்தினால் குற்றமாகிவிடும். பிறகு ஓவியம் இரண்டு, இசை இரண்டு என்று அடித்தார். ஒரு வரி வழிந்தது.

எழுத்தைச் சின்னதாக்கி எடுத்துப் போனார். "எறும்புக்கா அனுப்புறோம்?" என்று திருப்பிவிட்டார் இயக்குநர். ஓரத்தைக் குறுக்கினால் கோப்பில் துளை போட இடமில்லை. எந்தப் பாடத்தில் கைவைத்தாலும் அங்கே யாருக்காவது ஓர் அண்ணி இருப்பாள். மிஞ்சியது முதல் வரி: 'வல்லுநர் குழுவின் பரிந்துரைகள் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டு இவ்வாணை வெளியிடப்படுகிறது.' இந்த வருடத்தைப் பொறுத்தவரை அது பொய்யும்கூட. அழித்தார்.

இயக்குநர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அம்மாவை மாடிக்குக் கூப்பிட்டார். "குழுத் தலைவர் போன் பண்ணார். கமிட்டி எங்கம்மா போச்சு?"

"இடம் பத்தல சார்." இயக்குநர் தலையாட்டினார்.

"வேற ஏதாவது சொன்னாரா?" என்று அம்மாவே கேட்டார்.

"இல்லையே. கமிட்டி பேர் இல்லைன்னுதான் ஒரே வருத்தம். நன்றிக் கடிதம் ஒண்ணு அடிச்சுடுங்க. ஒரு பக்கம்தான், பாத்துக்குங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுந்தனார் மறுபடி வந்தார். பட்டியலிலிருந்து பெயர் நீங்கிவிட்டது.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணும்பாங்க அண்ணி. மேல எவனோ ஒரு புண்ணியவான் இருக்கான்."

"மூணு வருஷத்துக்கு முன்ன அந்தப் பாலிசியப் போட்டதும் அதே புண்ணியவானா இருந்தா?"

"கையில கெடைக்கட்டும், கழுத்த நெரிச்சுடறேன்."

அம்மா அவரைக்காய்த் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "முதல்ல இந்த நார உரி."