கண்ணாடி இறங்கியபடியே ரெம்பாவுக்கு

மகளுக்கு ஊசி போடும் நாள் காய்ச்சலால் ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. புதுத் தேதி கொடுத்த தாதி, “இந்த முறை விடாமல் வந்துவிடுங்கள்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான்தான் அதை வாரம் முழுக்க மனத்துக்குள் சொல்லிப் பார்த்து மிரட்டலாக மாற்றி வைத்திருந்தேன்.

அன்று கணவர் சிரம்பானில் வேலையில் இருந்தார். வேலை நேரத்தில் கைப்பேசியை எடுக்க மாட்டார். ரெம்பாவ் கிளினிக்குக்கு நானே காரை எடுத்தேன். பின்னால் இடப்பக்கம் குழந்தை இருக்கையில் மகள், பக்கத்தில் மாமியார். நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள், லயத்து வீட்டு வரிசையின் கடைசி வீட்டுக்காரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் தோட்டத்தில் கண்ணாடியை இறக்காமல் ஒருவரைக் கடந்துபோனால் அது அடுத்த திருவிழா வரை பேசப்படும். அத்தை குழந்தைக்கு மேலாகக் கையை நீட்டி, கதவிலிருந்த சுவிட்சை அமுக்கினார். கண்ணாடி இறங்கியது.

“எங்கக்கா, குடும்பத்தோட?”

“கிளினிக்குக்குலா. பாப்பாவுக்கு ஊசி.”

“மழ கட்டிக்கிட்டு நிக்குது. சுருக்கா போயிட்டு வாங்க.”

அவர் சொன்னது சரிதான். வானம் கறுத்திருந்தது. அத்தை சுவிட்சை மேலே இழுத்தார். கண்ணாடி வரவில்லை. நான் என் பக்கத்துச் சுவிட்சால் முயன்றேன். அதற்கும் வரவில்லை.

“நீ வேகமா இழுத்துட்ட போல,” என்றார் அத்தை.

நான் தொடுவதற்கு முன்பே அது நின்றுவிட்டது என்று சொல்ல நினைத்தேன். ஒருவேளை நேற்று வேகமாக இழுத்திருப்பேனோ என்று தோன்றியதால் சொல்லவில்லை.

திரும்பினால் தேதி போய்விடும். போனால் பிள்ளை நனைந்து மறுபடியும் காய்ச்சல் வரும், அப்போதும் தேதி போய்விடும். வண்டியை நகர்த்தினேன். செம்பனை மரங்களுக்கு நடுவே மழை பிடித்துக்கொண்டது. அத்தை தயங்காமல் காருக்குள்ளேயே குடையை விரித்து ஜன்னலில் சாய்த்தார். அதன் மறுபாதி பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை முழுக்க மறைத்தது.

“அத்தை, பின்னால ஒண்ணுமே தெரியல.”

“பின்னால யாரும் வரல. நான் பாத்துக்கிறேன், நீ முன்னால பாரு.”

குடைக்கம்பியைப் பிடித்து இழுத்து மகள் சிரித்தாள். நான், முன்பு ரப்பர் பாலை எடை போட்ட பழைய கொட்டகைக்குள் காரைச் செலுத்தினேன். இப்போது அங்கே உர மூட்டைகள் இருந்தன. கூரையும் இருந்தது.

கணக்குப் படித்தவள் நான். எதையும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. மற்ற மூன்று கண்ணாடிகளும் ஏறி இறங்கின. அதனால் பியூஸ் போயிருக்காது என்று கைப்பேசியில் தேடிப் பார்த்த காணொளியில் ஒருவர் சொன்னார். இன்னொருவர் மோட்டார்தான் போயிருக்கும், கதவையே பிரிக்க வேண்டும் என்றார். மூன்றாமவர், பின்கதவுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரி சுவிட்ச் இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள், அந்தச் சுவிட்ச் கெட்டால் ஓட்டுநர் பக்கத்திலிருந்தும் ஏறாமல் போகலாம் என்றார். அவர் மட்டும்தான் கத்தாமல் பேசினார். அவரை நம்பினேன்.

இஞ்சினை அணைத்துவிட்டு, மகளின் கஞ்சிக் கரண்டிக் காம்பால் சுவிட்சுத் தட்டை நெம்பினேன்.

“ஒடச்சிடாத. அவன் என்னைத்தான் கேப்பான்.”

“உடைக்க மாட்டேன் அத்தை,” என்றேன், உடைந்துவிடுமோ என்று கேட்பதைப் போல.

தட்டு வந்துவிட்டது. அடியில் செருகியிருந்த வயரைக் கழற்றிச் சுவிட்சைத் திருப்பினேன். ஓரமெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நடுவே சிவப்பு. முகர்ந்தேன். பன்னீர் வாசம்.

போன வாரம் ஆயுத பூசை. வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்பது அத்தையின் கட்சி. அரிசி வேகவைக்கும் சட்டி முதல் கைப்பேசி சார்ஜர் வரை வைத்தவர், காருக்கு மட்டும் பொதுவாக ஒன்று வைத்துவிட்டு நிறுத்துவாரா? நான்கு கதவுச் சுவிட்சுகளுக்கும் தனித்தனியாக வைத்தார். சந்தனம் வழிந்ததைப் பார்த்தும், துடைத்தால் மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன்.

இப்போது எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சுவிட்சைக் கைக்குள் மூடினேன். அத்தை என் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

“சந்தனம் கொழச்சது ஒம் புருசன்,” என்றார். “தண்ணியா கொழச்சிட்டான். நான் அப்பவே சொன்னேன்.”

“ஆமா அத்தை.”

வலப்பக்கச் சுவிட்சைக் கழற்றி இடப்பக்கம் செருகினேன். சாவியைத் திருப்பி, சுவிட்சை மேலே இழுத்தேன். கண்ணாடி முனகிக்கொண்டே ஏறி மூடியது. அத்தை குடையை மடக்கினார்.

கிளினிக்கில் பதிவு மூடவில்லை. தாதி மகளின் கால்சட்டையைத் தூக்கியதும் திகைத்தாள். தொடையில் சிவப்பாக வழிந்திருந்தது. என் கையில் ஒட்டியிருந்த குங்குமம், அவளைக் காரிலிருந்து தூக்கும்போது மழை ஈரத்தில் கரைந்து இறங்கியிருக்கிறது.

“ரத்தமா?” என்று மலாயில் கேட்டாள்.

நான் வார்த்தை தேடுவதற்குள் அத்தை தனக்குத் தெரிந்த மலாயில் விளக்கிவிட்டார்: “இல்ல மிஸ்ஸி, காரோடது.”

தாதி பஞ்சை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். குங்குமம் லேசில் போகுமா? அந்தக் குளிர்ந்த பஞ்சுதான் ஊசி என்று நினைத்து மகள் மொத்த அழுகையையும் அழுது தீர்த்துவிட்டாள். உண்மையான ஊசி இறங்கியபோது அவள் விக்கியபடி என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பிள்ளைக்கு வலிக்கவே இல்ல பாத்தியா,” என்றார் அத்தை. “குங்குமம் வச்சது நான்.”