ஊசி இறங்க வேண்டிய இடம்

மனிதப் பிட்டத்தைப் பற்றிய பாடத்தில் என்னை எவரும் மடக்க முடியாது. மருத்துவப் பள்ளிப் பரீட்சையில் அந்தக் கேள்விதான் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். அங்கே மூன்று தசைகள் அடுக்காக இருக்கின்றன. மேலே கிடக்கும் பெரியது உட்கார்ந்தவரை எழுப்பும், மேட்டில் ஏற்றும். அடியிலுள்ள இரண்டும் ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பைச் சாயவிடாமல் பிடிக்கும். பெரிய தசைக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு நரம்பு காலுக்குள் இறங்குகிறது. அதைத் தொடாமல் ஊசி போட, மேற்பக்கத்து வெளி மூலைதான் இடம்.

கொல்லிமலைக்கு வைத்திய வேலைக்குப் போனபோது, மலைக்காய்ச்சலுக்குக் கொயினா ஊசி போட இந்தப் படிப்பு தாராளம் என்று நினைத்திருந்தேன்.

அந்த மலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒருத்தி மூன்று நாளாகக் காய்ச்சலில் கிடந்தாள். மாத்திரை வயிற்றில் தங்கவில்லை. ஊசி போடாவிட்டால் பிழைக்கமாட்டாள். குப்புறப் படுக்க வைத்தோம். புருஷன் சேலையைக் கீழிருந்து தூக்கி, பிட்டத்தின் கீழ்ப்பாதி மட்டும் தெரிய நிறுத்திக்கொண்டான்.

“இதுக்கு மேல வேண்டாமுங்க.”

சரி, தெரிகிற வரைக்கும் போதும் என்று, அதிலேயே ஒரு வெளி மூலையைப் பார்த்துக் குத்தினேன். அலறினாள். பாதம்வரை கால் வெட்டி இழுத்தது. நரம்பு! மருந்தைத் தள்ளுவதற்குள் ஊசியை உருவிவிட்டேன். மருந்து இறங்கியிருந்தால் பாதம் தொங்கிப்போயிருக்கும். தொங்கும் பாதத்தோடு அந்த மலைமேட்டில் எப்படிச் சுமை தூக்குவாள்? பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

“எல்லாம் உன்னாலதான்! இடுப்புச் சேலையை அவுத்து விடு, எலும்பு தெரியணும்” என்று புருஷன்மேல் பாய்ந்தேன்.

அவன் அசையவில்லை. அவள்தான் அவன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“செத்தா குளிப்பாட்ட அவுக்கத்தானே போறீங்க? இப்பவே அவுத்து உடுங்க.”

அவிழ்த்தான். இடுப்பெலும்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, சற்றுக் கீழே போட்டேன். அவள் முனகக்கூட இல்லை.

நான்காம் நாள் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. பாதத்தைத் தூக்கச் சொன்னேன். விரல்கள் மேலே வளைந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. புருஷன் வெளியே இருந்தான். முதல் குத்து என் தப்பு என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

“அது எனக்கு அப்பவே தெரியுமுங்க” என்றாள். “அவருதான் தன்னாலதான்னு சோறு திங்காம கெடக்கறாரு. அவருகிட்டச் சொல்லுங்க.”