விருது யாருக்கென்று மாமாவுக்குத் தெரியும்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அந்த வருடம் சினிமாவில் யார் யார் விருது வாங்குவார்கள் என்று முடிவு செய்யும் பொறுப்பு என் தலையில்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் இருந்தவர்கள் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. அது அவர்கள் பாடு.

தேனிப் பக்கம் கம்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மல்லாந்து படுத்தால் மேற்கே மலை தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட, மலை விளிம்பு மட்டும் கொஞ்ச நேரம் பொன்னாக நிற்கும். விருது மேடை அந்த வெளிச்சத்தில்தான் இருக்கிறது என்பது என் நினைப்பு. ஜிகினாச் சேலை கட்டிய நடிகைகளெல்லாம் அங்கே படியேறிக்கொண்டிருப்பார்கள். சென்னை வேறு திசையில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்து மேப்பில் பார்த்தேன். பார்த்தும் மேடையை நான் இடம் மாற்றவில்லை. பாதித் தூக்கத்தில் யாரோ மைக்கில் ஒரு பேரை வாசிப்பது கேட்கும். எந்தப் பேர் என்று காதைத் தீட்டும்போது அம்மா மாடிப்படி ஏறி வந்து, "ஏ புள்ள, பனி இறங்குது, இறங்கி வா" என்று கூப்பிட்டுவிடுவார்.

டிவியில் "விரைவில்" என்று விளம்பரம் வரத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் சீட்டு எழுதும் சீசன் ஆரம்பமாகிவிடும். இதைத் தொடங்கி வைத்தது அம்மாதான். தினக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்து, பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆளுக்கொன்று கொடுப்பார். நடிகர், நடிகை, படம், பாட்டு, வில்லன் என்று மொத்தம் பதினோரு விருது. எழுதி மடித்து, நோன்புக்கு வாங்கின பேரீச்சம்பழ டப்பாவில் போட்டுவிட வேண்டும். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கிழமைதான் பிரிப்போம். "இது ஜோசியம் இல்ல, வெளாட்டு. மறைஞ்சதெல்லாம் அல்லாஹ் ஒருத்தனுக்குத்தான் தெரியும்" என்று வருஷா வருஷம் அம்மா ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டுவார்.

பெரியம்மா, அதாவது அம்மாவுக்கு மூத்தவர், எந்த வருடமும் தன் காலத்துக் கதாநாயகனின் பேரையே எழுதுவார். அந்த ஆள் அந்த வருடம் நடிக்கவே இல்லை என்று நான் எடுத்துச் சொன்னால், "நடிக்காட்டி என்னா? குடுத்தா வேணாம்னா சொல்லப் போறாரு?" என்பார். அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பஜாரில் மளிகைக்கடை. சினிமாவே பார்க்காத மனுஷர். எங்கள் பக்கம் வந்து ஷூட்டிங் எடுத்த படம் எதுவென்று விசாரித்து, பதினோரு கோட்டிலும் அதையே எழுதிவிடுவார். "நம்ம ஊருக்கு வந்து நாலு டீ குடிச்சிட்டுப் போனவன். நம்ம குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்பதுதான் அவர் நியாயம். அம்மா தியேட்டருக்குப் போவது அபூர்வம். ஆனால் அடுப்படி ரேடியோவில் பாட்டைக் கேட்டே, "இது நிக்கும், இது நிக்காது" என்று சொல்லிவிடுவார். அஞ்சாறு சரியாக வந்துவிடும்.

நான் கோடு போட்ட நோட்டில் மார்க் போடுவேன். தியேட்டரில் விசில் வந்தால் ஐந்து மார்க். கதாநாயகன் சட்டை நனைய அழுதால் எட்டு. கதாநாயகி நோயில் செத்துப்போனால் பத்து. அப்படியெல்லாம் கூட்டிக் கழித்து எழுதியும் எனக்கு மூன்றுக்கு மேல் சரியாக வந்ததே கிடையாது.

மாமா கதை வேறு. அம்மாவுக்கு அடுத்துப் பிறந்த தம்பி. கல்யாணம் ஆகாதவர். சாப்பாடு படுக்கை எல்லாம் எங்கள் வீட்டில்தான். குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை. காலை ஜீப்பில் மலையேறினால் சாயங்காலம் சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்க இறங்கி வருவார். நாங்கள் நாள் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, மாமா கடைசி நாள் வந்து, கண்ணை மூடி, தாடியைத் தடவி, "அல்லாஹ்தான் அறிவான்... இருந்தாலும் நம்ம கணக்குப்படி" என்று இழுத்துவிட்டு மடமடவென்று எழுதித் தள்ளுவார். பிரித்துப் பார்த்தால் பதினொன்றும் சரியாக இருக்கும். ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து மூன்று வருடம்! எனக்கு வாய் பிளந்தது மூடவில்லை. மாமாவின் கண்ணுக்கு, மேடையில் பிரிக்கிற அந்த உறைக்குள் இருப்பது தெரியும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

விழா நடந்து முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் அதை டிவியில் போடுகிறார்கள் என்பது எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. டிவியில் உறையைப் பிரித்தால் அந்த நிமிஷம்தான் பிரிக்கிறார்கள் என்று நம்பினோம். வீட்டில் இருந்தது பட்டன் போன். அத்தா பேப்பரில் பார்ப்பது சரக்கு விலையை மட்டும். டச் போன் இருந்தது மாமா ஒருவரிடம்தான். குமுளியில் டீ குடித்துக்கொண்டே முடிவையெல்லாம் அதில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார் படுபாவி மனுஷர். இது எனக்குத் தெரிந்தபோது வயது பதின்மூன்று. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அம்மாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மாமாவின் சீட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அவர் மண்டையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார்.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம்தான் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. மாடிக்கு வந்து என்னைக் கூப்பிடுவது நின்று, படிக்கட்டின் அடியில் நின்று கூப்பிடுவது ஆனது. பிறகு அதுவும் நின்று பெரியம்மா கூப்பிட்டார். தேனியில் காட்டினார்கள். இதயத்துக்குள் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மதுரைக்குப் போய் நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒளிபரப்பாகும் ஞாயிற்றுக்கு மறுநாள் ஆபரேஷன் என்று முடிவானது. எனக்குப் பயம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதுரைக்குக் கிளம்பும் காலையில்கூட அம்மா உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி மூச்சு விட்டு, பதினோரு பேரையும் எழுதி மடித்துப் போட்டார். "எனக்கு எத்தனை சரின்னு நீதான் பாத்துச் சொல்லணும், என்ன?" என்றார். மாமா பக்கம் திரும்பி, "ஏலே, ஞாயித்துக்கிழம புள்ளயத் தனியா உக்கார வச்சுறாத" என்றார். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அத்தாவின் கையைப் பிடித்தபடி காரில் ஏறினார். மாமாவும் தன் சீட்டை எழுதிப் போட்டுவிட்டு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை பெரியம்மா வாய்க்குள் ஓதிக்கொண்டே நின்றார்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாதான் ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டி அனுப்பியிருக்கிறார். சீவாத தாடி, கசங்கிய சட்டை. அன்றைக்கு அவரிடம் ஏலக்காய் மணம் இல்லை. மூன்று மணிக்கு நிகழ்ச்சி ஆரம்பித்தது. முக்கால்வாசி விளம்பரம், கால்வாசி டான்ஸ், நடுவில் போனால் போகிறதென்று ஒரு விருது. மாமா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் எதையும் பார்க்கவில்லை. நான்தான் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து டிக் போட்டேன். பெரியம்மா அந்த வருடம் எழுதவேயில்லை. எனக்கு நான்கு. அத்தாவுக்கு ஒளிப்பதிவில் ஒன்று அடித்துவிட்டது. அம்மாவுக்கு ஏழு! இதுவரை வராத மார்க். "மாமா, அம்மாவுக்கு ஏழு!" என்று குதித்தேன். மாமா அந்தச் சீட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருடையது வழக்கம்போல முழுதும் சரி.

நான் எழுந்து போய் இன்னொரு காலண்டர் தாளை எடுத்துவந்தேன். முந்தின நாளே எழுதி, புத்தகத்துக்குள் ஒளித்து வைத்திருந்தது. மேலே 'அம்மா ஆபரேஷன்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தேன். கீழே, டிவியில் போட்டியில் இருப்பவர்களை வரிசையாகக் காட்டுவார்களே, அதுபோல ஒன்று, இரண்டு என்று எண். ஒன்றுக்கு எதிரே 'நல்லபடியா வீட்டுக்கு வருவாக' என்று எழுதியிருந்தேன். இரண்டுக்கு எதிரே எதையும் எழுத எனக்குக் கை வரவில்லை. எண்ணை மட்டும் போட்டு விட்டிருந்தேன்.

"இதுல டிக் போடுங்க மாமா" என்று பேனாவை நீட்டினேன்.

மாமா தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அல்லாஹ்தான் அறிவான், புள்ள" என்றார்.

அது எப்போதும் அவர் சொல்வதுதானே? அதற்கடுத்து வருவதற்காகக் காத்திருந்தேன். டிவியில் கண்ணாடி போட்ட ஒருவர் விருதைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அடுப்படியில் பெரியம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றுபோனது.

"இருந்தாலும்?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

மாமா பேனாவை வாங்கினார். மற்ற விருதுகளுக்கு மடமடவென்று எழுதுகிற கை, இந்த ஒரு டிக் போட அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. ஒன்று என்ற எண் மேல் அவர் அழுத்தின அழுத்தில் தாளே கிழிந்துபோனது. "இருந்தாலும்... நம்ம கணக்குப்படி... உங்கம்மா நல்லபடியா வந்துரும்" என்று சொல்லிவிட்டு, டிவியை அணைக்காமலேயே எழுந்து மதுரை பஸ்ஸுக்குப் போய்விட்டார். தாளை மடித்து டப்பாவில் போட்டேன். என் பயம் அந்த நிமிஷமே போய்விட்டது. அன்றைக்கு நான் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அதுபோல அதற்கப்புறம் தூங்கியதில்லை.

மறுநாள் தெருப் பெண்களெல்லாம் எங்கள் வீட்டில் கூடிக் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதினார்கள். நான் வாசலில் பாண்டி ஆடினேன். நடுவில் தண்ணீர் குடிக்க உள்ளே போனால், எல்லார் முகமும் வீங்கிக் கிடக்கிறது. "எதுக்கு இப்டி அழுகுறீக? அதான் மாமா சொல்லிட்டாகள்ல" என்றேன், கொஞ்சம் சலிப்பாகவே. பெரியம்மா அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே இறங்கி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டது. எனக்கு ஆட்டம் கெட்டதுதான் வருத்தம்.

சாயங்காலம் அத்தா போன் செய்தார். ஆபரேஷன் முடிந்துவிட்டது, ஆனால் அம்மா கண் திறக்கவில்லை. அடுத்த நாள் ரத்தம் நிற்காமல் மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கடுத்த நாளும் கண் திறக்கவில்லை. வீட்டில் எல்லாரும் மெதுவாகப் பேசத் தொடங்கினார்கள். கடை திறக்கவில்லை. போனில் நான், "மாமாகிட்ட குடுங்க" என்று கேட்டேன். அந்தப் பக்கம் மாமாவின் குரல், "வேணாம் மச்சான், புள்ளகிட்ட நான் பேசல" என்று சொன்னது எனக்கே கேட்டது. வேலையாக இருக்கிறார்கள்போல என்று விட்டுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் தலையைத் தடவி விசாரித்தபோது, "வந்துருவாக டீச்சர், எழுதியே குடுத்தாச்சு" என்றேன். டீச்சர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நாட்களில் ஒரே கனவுதான் திரும்பத் திரும்ப வந்தது. மலை விளிம்பின் பொன் வெளிச்சத்தில் அந்த மேடை. ஜிகினாச் சேலைகளுக்கு நடுவே அம்மா வெள்ளைத் துப்பட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். மைக்கில் பேரைக் கூப்பிடுகிறார்கள். அம்மா எழுந்து படியேறுகிறார். படிகள் ஏராளம், ஏறிக்கொண்டே இருக்கிறார், கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. விழித்ததும் பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா எழுந்து தொழப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம், வாசலில் கார் வந்து நின்றது. அத்தா இறங்கிக் கதவைப் பிடிக்க, அம்மா இறங்கினார். பாதியாகத் தேய்ந்துபோயிருந்தார். கழுத்துக்குக் கீழே பஞ்சு தெரிந்தது. "எனக்கு எத்தனைன்னு இன்னும் சொல்லலியே நீ?" என்று கேட்டார். "ஏழும்மா!" என்று கத்தினேன். கட்டிப்பிடிக்கப் போனவளைப் பெரியம்மா தடுத்துவிட்டார். நெஞ்சில் தையல் இருக்கிறதாம். அம்மாவின் விரல்களை மட்டும் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தன.

மாமாவைக் காணவில்லை. முன்சீட்டில் இருந்து இறங்கினதைப் பார்த்தேனே என்று தேடிப் போனால், கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முழங்காலில் முகத்தைப் புதைத்து, முதுகு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார். ஒரு பெரிய ஆம்பிளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டு, "நீங்க சொன்ன மாதிரியேதான மாமா வந்துட்டாக" என்றேன்.

மாமா என்னை இழுத்து இறுக்கிக்கொண்டு இன்னும் சத்தமாக அழுதார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எதுவும் தெரியாத பெரியம்மா அழுதால் அதில் ஒரு அர்த்தம் இருக்கிறது. முடிவு என்னவென்று முன்னாலேயே தெரிந்து வைத்திருந்த மனுஷர் எதற்காக இப்படி அழ வேண்டும்?